முயல் தீவுப் பாசியும் மூணு கூட்டல் குறியும்

அக்கா மகள் தூத்துக்குடியில் எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தன் ப்ராஜெக்ட் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, டேபிள் எல்லாம் பக்கத்தை விட்டு வெளிய போகுது. அலைன்மென்ட் மட்டும் சரி பண்ணித் தாங்க"ன்னு கேட்டாள். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற மாமாவால் குடும்பத்துக்கு உள்ள பிரயோஜனம் அவ்வளவுதான்.

டேபிளை இழுத்துப் பிடித்துச் சரி செய்யும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தேன். முயல் தீவுக் கரையில் எடுத்த சர்காஸம் பாசி. நம்ம கடற்கரையில் கட்டக்கோரை என்பார்களே, அதுதான். அலசி, நிழலில் உலர்த்தி, பொடித்து, பெட்ரோலியம் ஈதர், அசிட்டோன், எத்தனால், தண்ணீர் என்று நாலு கரைப்பானில் சாறு எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு சாற்றிலும் ஏழெட்டு டெஸ்ட். ஆல்கலாய்டு, மூணு கூட்டல் குறி. சப்போனின், மூணு. டானின், ஃப்ளேவனாய்டு, ரெண்டு ரெண்டு. கடைசியில் முடிவுரை: இந்தப் பாசியில் மருத்துவக் குணமுள்ள ஆல்கலாய்டுகளும் சப்போனின்களும் நிறைந்துள்ளதால் புதிய மருந்துகளுக்கு இது சிறந்த மூலமாக அமையும்.

மறுநாள் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சாறே சேர்க்காம, வெறும் கரைப்பான்ல இந்த டெஸ்ட் எல்லாம் செஞ்சு பார்த்தியாம்மா?"

"அது ப்ரொசீஜர்ல இல்லையே மாமா."

இல்லைதான். அவள் மேல் தப்பு இல்லை. அதற்கு அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவின் மாத்திரை டப்பா பக்கத்தில் புதுசா ஒரு பாட்டில். கடல்பாசி கேப்ஸ்யூல். தெரிந்தவர் யாரோ வாங்கிக் கொடுத்தது. உள்ளே மடித்து வைத்த துண்டுச்சீட்டில் அப்படியே அதே பட்டியல்: ஆல்கலாய்டு, ஃப்ளேவனாய்டு, சப்போனின், டானின். ஏதோ ஒரு ப்ராஜெக்ட் டேபிள் நடந்து வந்து எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு என் ராத்திரிகள் இதில்தான் போயின. மன்னார் வளைகுடாப் பாசிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கிற இந்த ரகக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தேன். இந்தப் பதிவு அந்த ரகத்தின் மீதான விமர்சனம். எந்தக் கல்லூரியின் மீதும், எந்த மாணவர் மீதும் அல்ல. நான் வேதியியல் படித்தவனும் இல்லை. பி.இ. முதல் வருடத்தில் படித்ததோடு சரி.

முதலில் ஆல்கலாய்டு. இதற்கு மேயர், வாக்னர், ட்ராகன்டார்ஃப், ஹேகர் என்று நாலு ரீஏஜென்ட் வழக்கத்தில் உண்டு. வாக்னர் என்பது வேறொன்றுமில்லை, அயோடினையும் பொட்டாசியம் அயோடைடையும் தண்ணீரில் கரைத்தது. சாற்றில் விட்டால் பழுப்புச் சிவப்பாக வீழ்படிவு வர வேண்டும். வந்தால் ஆல்கலாய்டு உண்டு என்று எழுதுவார்கள். இதே அயோடின், இதே பொட்டாசியம் அயோடைடு, அளவு மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன, பள்ளிக்கூட லேபில் வேறொரு பாட்டிலில் இருக்கும். அதன் பெயர் லூகால் கரைசல். உருளைக்கிழங்குத் துண்டு மேல் ஒரு சொட்டு விட்டு, நீலம் வந்தது, ஸ்டார்ச் இருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அந்தத் தண்ணிதான் இது. லேபிளை மாற்றி ஒட்டினால் கண்டுபிடிப்பும் மாறிவிடுகிறது.

நீலம் வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் சிவப்புப் பாசிகளில் இருக்கும் ஸ்டார்ச் வேறு ரகம். அயோடின் பட்டால் அது நீலமாகாது, சிவப்பு கலந்த ஊதா, பழுப்பு என்று போகும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரும் அப்படித்தான். அயோடினோடு கருஞ்சிவப்பு முதல் பழுப்பு வரை நிறம் கொடுக்கும். அகரை அடையாளம் காண மருந்து நூல்களில் உள்ள சோதனையே இதுதான். காயல்பட்டினத்தில் ரமலான் மாதம் பால் ஊற்றி, சீனி போட்டு வில்லையாக வெட்டித் தருவார்களே, 'கடல்பாசி', அந்தப் பொடியை வாங்கிக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மருந்துக்கடை டிங்ச்சர் அயோடினை ரெண்டு சொட்டு விட்டேன். செம்பழுப்பு. நம்ம அட்டவணை விதிப்படி பார்த்தால் இப்தார் இனிப்பில் ஆல்கலாய்டு ரெண்டு கூட்டல் குறி. பக்கத்துத் தம்ளரில் வெறும் தண்ணீரில் விட்டபோது வெளிறின பழுப்பு வந்தது. அயோடினின் சொந்த நிறமே அதுதான். பக்கத்துத் தம்ளர் இல்லாமல் ஒற்றைத் தம்ளரை மட்டும் பார்த்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

"என்னுது சிவப்புப் பாசி இல்லையே மாமா, பழுப்புப் பாசி. அதுல ஸ்டார்ச் கிடையாது. அகரும் கிடையாது" என்றாள். நியாயமான பேச்சு. சர்காஸத்தில் இருப்பது ஆல்ஜினேட். தையல் நூல் மாதிரி நீண்ட சர்க்கரைச் சங்கிலி. கட்டக்கோரையையும் பக்கோடா பாசியையும் மன்னார் வளைகுடாவில் மூட்டை மூட்டையாக அள்ளி விற்பதே அதற்காகத்தான். ஆலையில் என்ன செய்கிறார்கள்? பாசியைச் சோடாவில் ஊறவைத்து ஆல்ஜினேட்டைக் கரைத்து எடுக்கிறார்கள். பிறகு அமிலம் விடுகிறார்கள். ஆல்ஜினிக் அமிலம் கூழாகப் பிரிந்து நிற்கும். கால்சியம் விட்டாலும் பிரியும். இன்னும் பல உலோக உப்புகளுக்கும் இதே கதைதான்.

இப்போது ஆல்கலாய்டு டெஸ்ட்டின் செய்முறையைப் பாருங்கள். சாற்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர், பிறகு ரீஏஜென்ட்டை விடு. ட்ராகன்டார்ஃப் ரீஏஜென்ட்டில் பிஸ்மத், மேயரில் பாதரசம். அமிலமும் இருக்கிறது, உலோகமும் இருக்கிறது. ஆலையில் தொட்டி தொட்டியாக நடக்கிற வேலை இங்கே சோதனைக்குழாயில் நடந்தால், கலங்கலாக ஏதோ அடியில் தங்கினால், அதை வீழ்படிவு என்று எழுதி, எழுதின கையோடு ஆல்கலாய்டு என்றும் எழுதிவிடுகிறோம். எத்தனால் சாற்றுக்கு வேறு காரணம் இருக்கலாம். கடற்பாசிகளில் பீட்டேன் வகைச் சேர்மங்கள் உண்டு. செல் சவ்வின் கொழுப்பிலேயே கோலின் உண்டு. இரண்டும் ட்ராகன்டார்ஃப்புக்கு ஆரஞ்சு நிறம் காட்டும். கோலின் உள்ள கொழுப்பைத் தேடுகிறவர்கள் இதே ரீஏஜென்ட்டைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். மறுபடியும் ஒரே பாட்டில், ரெண்டு லேபிள்.

இந்த ட்ராகன்டார்ஃப் யார் என்று தேடிப் போனதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 19ஆம் நூற்றாண்டில் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம்) மருந்தியல் பேராசிரியர். அவர் கவலை மூலிகை அல்ல, விஷம். செத்தவர் வயிற்றில் ஸ்ட்ரிக்னின் இருக்கிறதா, மார்ஃபின் இருக்கிறதா என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால், 1850இல் பெல்ஜியத்தில் ஒரு பிரபு தன் மைத்துனரை நிகோட்டின் கொடுத்துக் கொன்ற வழக்கு. ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் சடலத்தின் உறுப்புகளிலிருந்து அந்த நிகோட்டினைப் பிரித்துக் காட்டினார். பிரபுவின் தலை போனது. ஸ்டாஸ் செய்த வேலையின் உயிர்நாடி என்னவென்றால், புரதம், கொழுப்பு, இதர குப்பையையெல்லாம் ஒதுக்கி, ஆல்கலாய்டை மட்டும் காரக் கரைசலிலிருந்து ஈதருக்கு இழுத்தது. அமிலத்தில் கரையும், காரத்தில் வெளியே வரும் என்ற அதன் குணத்தை வைத்துச் சல்லடை போட்டார். நிற ரீஏஜென்ட் அந்தச் சல்லடைக்குப் பிறகு வருகிற கடைசிப் படி.

நம் கல்லூரி லேபுக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் படி மட்டும் வந்திருக்கிறது. சல்லடை எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா என்றால் இல்லை. அமெரிக்காவின் நார்மன் ஃபார்ன்ஸ்வொர்த் 1966லேயே தாவரச் சோதனைகள் பற்றி எழுதிய நீண்ட மதிப்பாய்வில் இந்தப் பொய்யான 'உண்டு'களைப் பற்றிப் பேசியிருக்கிறார். நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை செய்முறைக்கு ஹார்போர்னின் 1973ஆம் வருடப் புத்தகத்தைக் கைகாட்டுகின்றன. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அது பக்கத்துக்குப் பக்கம் குரோமட்டோகிராபியும் நிறமாலையும் பேசுகிறது. பிரித்து எடு, பிறகு அடையாளம் காண் என்கிற புத்தகம். பிரிக்காமலே அடையாளம் கண்டதற்கு அதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். என் சந்தேகம், முன்னால் வந்த கட்டுரையின் மேற்கோளை அப்படியே காப்பி பேஸ்ட் செய்கிறார்கள். எங்கள் தொழிலிலும் இது உண்டு. யாரோ எப்போதோ எழுதின கோடை எடுத்து ஒட்டுவோம், மேலே இருக்கிற எச்சரிக்கை கமெண்டை மட்டும் விட்டுவிடுவோம்.

அடுத்து நுரை. சாற்றைத் தண்ணீர் விட்டுக் குலுக்கு, ஒரு சென்டிமீட்டர் நுரை எழும்பிப் பத்துப் பதினைந்து நிமிஷம் நின்றால் சப்போனின். பூந்திக்கொட்டைக்கு இது பொருந்தும். அதில் சப்போனின் தாராளமாக இருக்கிறது என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆனால் முட்டை வெள்ளைக்கருவும் நுரைக்கிறது. அரை மணி நேரம் ஆனாலும் அடங்குவதில்லை. காற்று பலமாக அடிக்கிற நாளில் நம்ம கடற்கரையிலேயே வெள்ளையாக நுரை ஒதுங்கிக் கிடக்கும். அலை கடைந்தெடுத்த பாசிச் சத்தும் புரதமும் அது. புரதம் எதுவானாலும் நுரைக்கும். ஆல்ஜினேட் மாதிரிக் கொழகொழப்பு சேர்ந்தால் அந்த நுரை உடையாமல் நிற்கும். ஐஸ்கிரீமில் அதைச் சேர்ப்பது சும்மாவா?

வேடிக்கை என்னவென்றால் இதே கடலில் சப்போனின் நிஜமாகவே உண்டு. கடல் அட்டையில். அது தாவரமே இல்லை, விலங்கு. 2001லிருந்து பிடிக்கவும் தடை.

இந்த நுரைக் கதையை அவளிடம் சொல்லும்போது முத்து ஞாபகம் வந்தது. நல்ல முத்தா என்று பார்க்க வினிகர் விட்டுப் பாருங்கள், குமிழி வரும் என்று யூடியூபில் ஒருத்தர் சொல்கிறார். வரும். முத்து கால்சியம் கார்பனேட்தானே. சிப்பி ஓட்டிலும் வரும், சங்கிலும் வரும், சுண்ணாம்புக் கட்டியிலும் வரும். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை என்றாலும், அது நடந்த காலத்தில் இந்த ஊர் வியாபாரி யாராவது அமிலம் விட்டு முத்து வாங்கியிருப்பாரா? பித்தளைச் சல்லடையில் அளவு பிரித்து, எடை போட்டு, வெளிச்சத்தில் உருட்டி, நிறமும் ஒளியும் பார்த்து, அதற்கப்புறம்தான் விலை. ஒன்று தப்பினாலும் அடுத்ததில் மாட்டும். குமிழி வந்ததும் முத்து என்று சொல்லியிருந்தால் முதல் நாளே கடையை மூடியிருப்பார்.

இதுவரை சொன்னது இல்லாததை உண்டு என்கிற தப்பு. இருப்பதை இல்லை என்கிற தப்புக்கும் தூத்துக்குடியே உதாரணம் வைத்திருக்கிறது: நிலாவாரை. நிலவாகை என்றும் சொல்வார்கள். உலக மருந்து நூல்களில் இதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். திருநெல்வேலிச் சீமையின் மானாவாரி நிலத்தில் விளைந்து, நம்ம துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிப் போனதால் வந்த பெயர். மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் வேலை செய்வது சென்னோசைடு. ஆந்த்ரகுவினோன் குடும்பம். இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க போர்ன்ட்ரேகர் டெஸ்ட் இருக்கிறது. சாற்றை பென்சீன் போன்ற கரைப்பானில் குலுக்கி, பிரிந்த அடுக்கில் அம்மோனியா விட்டால் ரோஜா நிறம்.

நிலாவாரையில் அதை நேரடியாகச் செய்தால் நிறம் வராமல் போகலாம். காரணம், சென்னோசைடில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. சர்க்கரை ஒட்டினது தண்ணீரை விட்டுப் பென்சீனுக்கு வராது. போதாக்குறைக்கு அது ரெண்டு மூலக்கூறு முதுகோடு முதுகு ஒட்டின இரட்டை. முதலில் அமிலத்தையும் ஃபெர்ரிக் குளோரைடையும் விட்டுக் கொதிக்க வைத்து, சர்க்கரையைக் கழற்றி, இரட்டையைப் பிளந்து, ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அப்புறம்தான் அம்மோனியாவில் சிவக்கும். திருத்தப்பட்ட போர்ன்ட்ரேகர் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. 'திருத்தப்பட்ட' என்கிற அந்த ஒரு வார்த்தையைச் செய்முறையில் விட்டுவிட்டால், உலகமே பேதிக்கு வாங்குகிற இலையில் பேதி மருந்து இல்லை என்று ஒரு கழித்தல் குறி விழும். காஃபீனுக்கும் இதே கதி. அதைவிடப் பிரபலமான ஆல்கலாய்டு உண்டா? ஆனால் மேயர் ரீஏஜென்ட் அதைக் கண்டுகொள்ளாது. அட்டவணையை மட்டும் நம்பினால் காபியில் ஆல்கலாய்டு இல்லை, கடல்பாசி இனிப்பில் உண்டு.

கூட்டல் குறிதான் பிரச்சினை, நம்பர் இருந்தால் சரியாகிவிடும் என்று நான் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போச்சு. மொத்த ஃபீனால் அளவு என்று மில்லிகிராம் கணக்கில் போடுவார்களே, அதற்குப் பயன்படுவது ஃபோலின் சியோகால்ட்டு ரீஏஜென்ட். 1927இல் அவர்கள் இருவரும் அதைச் செய்தது புரதத்தில் உள்ள டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் அளக்க. 1951இல் லௌரி குழுவினர் அதே ரீஏஜென்ட்டைக் கொண்டு புரதத்தை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அறிவியல் வரலாற்றிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று அது. 1965இல் சிங்கிள்டனும் ராஸியும் அதே ரீஏஜென்ட்டை ஒயினில் ஃபீனால் அளக்க முறைப்படுத்தினார்கள். ஒயினில் புரதம் சொற்பம், ஆகவே அங்கே அது பெரிய தொந்தரவு இல்லை. பாசியில் புரதம் சொற்பமா? சில கட்டுரைகளில் டேபிள் இரண்டில் புரதம், டேபிள் மூன்றில் ஃபீனால், இரண்டுக்கும் அடியில் இதே ரீஏஜென்ட். ஒரே ரூபாயை ரெண்டு பாக்கெட்டிலும் எண்ணுகிற கணக்கு. வைட்டமின் சி இருந்தாலும் நீலம் வரும். 2010இல் எவரெட் குழுவினர் விதவிதமான சேர்மங்களை இந்த ரீஏஜென்ட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, இது ஃபீனாலை அளப்பதில்லை, மொத்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை அளக்கிறது என்று கொள்வதே பொருத்தம் என்றார்கள்.

ஃப்ளேவனாய்டு அளவு இன்னும் மோசம். அலுமினியம் குளோரைடு சேர்த்து 415 நானோமீட்டர் அருகே ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்ப்பார்கள். பச்சையமும் அது சிதைந்து வருகிற பொருள்களும் ஒளியை விழுங்குகிற இடம் சுமார் 410 முதல் 430 வரை. அசிட்டோனில் எடுத்த பாசிச் சாறு எப்படி இருக்கும்? கரும்பச்சையாக இருக்கும். அலுமினியம் குளோரைடு சேர்க்காமல் அதே சாற்றை ஒரு தடவை அளந்து கழிக்கவில்லை என்றால், அந்த நம்பரில் ஃப்ளேவனாய்டு எவ்வளவு, பச்சையம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

என் பிழைப்பு மொழியில் சொன்னால் இது நெகட்டிவ் கேஸ் எழுதாத யூனிட் டெஸ்ட். எதை உள்ளே போட்டாலும் பாஸ் என்று வருகிற டெஸ்ட்டை எங்கள் ஆபீஸில் ஒரு ஜூனியர் எழுதினால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், 100 வகைப் பாசியில் 2இல்தான் உண்மையில் ஆல்கலாய்டு சொல்லிக்கொள்கிற அளவில் இருக்கிறது. டெஸ்ட் அந்த 2ஐயும் விடாமல் பிடிக்கிறது. மிச்சம் 98இல் ஐந்துக்கு ஒன்று என்று பொய்யாக உண்டு சொல்கிறது. மொத்தம் சுமார் 22 பாசிக்குக் கூட்டல் குறி விழும். அதில் 20 பொய். தேடுகிற பொருள் எவ்வளவு அபூர்வமோ, அவ்வளவுக்குக் கூட்டல் குறியின் மதிப்பு குறையும். பூக்கும் தாவரங்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் ஆல்கலாய்டு உண்டு என்பார்கள். அங்கே இந்த டெஸ்ட் ஓரளவு தாங்கும். தரைச் செடிக்குத் தைத்த சட்டையைக் கடல் செடிக்கு மாட்டிவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்கிறோம்.

பாசியில் ஆல்கலாய்டே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. மன்னார் வளைகுடாவில் வளரும் காலெர்பா பேரினத்தில் காலெர்பின் என்று ஒன்று உண்டு. அதைப் பிரித்தெடுத்து, கட்டமைப்பைக் கண்டு, பெயர் வைத்திருக்கிறார்கள். பழுப்புப் பாசியில் ஃப்ளோரோடானின் உண்டு. அதுவும் நிஜம். ஆனால் புளியங்கொட்டைத் தோலிலும் கருவேலம்பட்டையிலும் இருக்கும் டானின் வேறு, இது வேறு. ஃபெர்ரிக் குளோரைடு இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. ஃபீனால் எதுவானாலும் நிறம் காட்டும். "டானின் ரெண்டு கூட்டல்" என்று எழுதும்போது, கடலுக்கே உரிய ஒரு சுவாரசியமான விஷயம் தரைச் செடியின் பெயருக்குள் மறைந்துபோகிறது. எனக்கு இந்த ரகக் கட்டுரைகள் மேல் உள்ள பெரிய குறை இதுதான். பொய் சொல்கின்றன என்பதைவிட, கையில் கிடைத்த புதுசையும் பழைய பெயர் போட்டு மூடிவிடுகின்றன.

அம்மாவின் பாட்டிலுக்கு வருகிறேன். துண்டுச்சீட்டில் இல்லாத ஒரு பொருள் பாசியில் நிச்சயமாக உண்டு. அயோடின். உலகத்துக்கு அயோடின் என்று ஒன்று இருப்பது தெரிய வந்ததே 1811இல், ஃபிரான்ஸில் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலம் விட்டபோது ஊதா நிறப் புகை எழுந்ததால்தான். அந்தப் பாசியிலிருந்து வந்த பொருளை வாக்னர் பாட்டிலில் ஊற்றி, பாசிக்குள் ஆல்கலாய்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். குளிர்கடல் கெல்ப் வகைகளில் உலர்ந்த ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கலாம். சர்காஸத்தில் அவ்வளவு வராது. ஆனால் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். அம்மா பன்னிரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அயோடின் கூடினாலும் குறைந்தாலும் தைராய்டு ஆட்டம் காணும். சர்காஸத்தின் இன்னொரு கவலை ஆர்சனிக். ஜப்பானியர் சாப்பிடும் ஹிஜிகி ஒரு சர்காஸம்தான். அதில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2004இல் மக்களுக்கு அறிவுறுத்தியது. நம் கேப்ஸ்யூலில் எவ்வளவு? சீட்டில் ஒரு வரி இல்லை. அவ்வளவு டெஸ்ட் செய்த பட்டியலில் கேட்டிருக்க வேண்டிய ரெண்டு கேள்வியும் இல்லை. டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினோம். நிறுத்தச் சொன்னார். "இயற்கைதானல டாக்டரு"ன்னு அம்மா வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மருமகள் என்ன செய்தாள்? மிச்சமிருந்த சாற்றில் ஒரு வாரம் மறுபடியும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் வெறும் கரைப்பான் ஒன்று, அமிலம் மட்டும் விட்டது ஒன்று, கடையில் வாங்கின சோடியம் ஆல்ஜினேட் கரைசல் ஒன்று, இருப்பது உறுதியாகத் தெரிந்த பொருள் ஒன்று. தண்ணீர்ச் சாற்றில் அமிலம் மட்டும் விட்டபோதே கலங்கியது. ட்ராகன்டார்ஃப் அப்புறம்தான். போனில் அதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அப்ப போன வருஷம் அக்காமார் எழுதினது எல்லாம் என்ன மாமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

வழிகாட்டி ஆசிரியர் கோபப்படவில்லை. அதே நேரம், முந்தின பேட்ச் ஃபார்மேட் எதுவோ அதுதான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே கூட்டல் குறி டேபிள் இடத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே அவளுடைய ரெண்டாவது டேபிளும் இருக்கிறது. அதில் சப்போனின் என்ற நெட்டுவரிசைக்கு 'நுரை' என்றும், ஆல்கலாய்டு வரிசைக்கு 'வீழ்படிவு' என்றும் தலைப்பு. "நிறைந்துள்ளதால்" என்ற முடிவுரை வரியை எடுத்துவிட்டாள். ரெண்டு டேபிளும் ஒரே பக்கத்தில் அடங்க நான் எழுத்தை ஒன்பது பாயின்ட்டுக்குக் குறைக்க வேண்டியிருந்தது.

என் பக்கத்துச் சேதம், சமையல் மேடை வெள்ளை டைல்ஸில் நாலு இடத்தில் அயோடின் கறை. வீட்டில் ரெண்டு நாள் பேச்சு வாங்கினேன். எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்தேன், கண்ணெதிரே நிறம் மறைந்தது. அதிலிருக்கும் வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றிவிடுகிறது. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. வைட்டமின் சி நிறைய உள்ள சாற்றில் வாக்னரை விட்டால் நிறமே இல்லாமல் போகும், ஆல்கலாய்டு இருந்தாலும். கையைத் துடைத்துவிட்டு அவளுக்கு மெசேஜ் போட்டேன். "ஐயோ மாமா, பைண்டிங்குக்குக் கொடுத்தாச்சு" என்று பதில் வந்தது.